பதினொன்றாம் குழியில் வார்டனின் ரத்தம்

புற்றுநோய் செல்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவதுதான் மாப்பிள்ளையின் உத்தியோகம் என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் வார்டன் கல்யாணத்துக்கு முன்பு, ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன் என்று மட்டும் சொல்லிவைத்தார். கல்யாணமாகி நாலு மாதம் கழித்து விஷயம் வெளியே வந்தபோது மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அது ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

"அப்ப சரி. கையைக் கழுவிட்டு வாங்க."

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடமாக அவர் கையைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். வார்டன் என்பது கூடத்தில் வைத்த பட்டப்பெயர். ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுபோல அவர் செல்களைப் பார்த்துக்கொண்டார். இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டியைத் திறந்து, குடுவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, யாருக்கு இடம் போதவில்லை, யார் சாப்பிடவில்லை, யார் பக்கத்துக் குடுவையிலிருந்து தொற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று காலை எட்டரைக்குள் கணக்கெடுத்துவிடுவார். அந்தக் குடுவைகளில் இருந்தவை ப்ராஸ்டேட், அதாவது ஆண்களுக்கு மட்டும் மூத்திரப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின், புற்றுநோய் செல்கள். எத்தனையோ வருடம் முன்பு செத்துப்போன ஒரு ஆளின் எலும்பிலிருந்து எடுத்தவை. ஆள் போய்விட்டார், செல்கள் மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. "வெக்கங்கெட்ட ஜென்மங்களா, இன்னிக்கும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்பதுதான் வார்டனின் காலை வணக்கம்.

இப்படிப்பட்டவருக்கே ப்ராஸ்டேட்டில் கோளாறு என்றால் அதை என்னவென்று சொல்வது? எஜமான விசுவாசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடினார். போனால் வருவதற்குப் பத்து நிமிடம். அங்கே நின்றுகொண்டு சுவரின் ஓடுகளை எண்ணி முடித்து, திரும்பவும் முதலிலிருந்து எண்ணுவார். வயசானால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினார். கடைசியில் மருத்துவரிடம் போனார். மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் படுங்க என்றார். அடுத்த அரை நிமிடத்தைப் பற்றி வார்டன் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை. ப்ராஸ்டேட் ரத்தத்தில் கசியவிடும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு பதினாலு. நாலுக்குள் இருந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், உடனே வாங்க என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

வார்டன் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, கூடத்தில் எட்டாம் அளவு கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அங்கே அவ்வளவு பெரிய கை யாருக்கும் கிடையாது. அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள்.

போகாமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். அதை அவர் பயம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நாமே பார்த்துவிடலாமே என்று நினைத்தார். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்குப் பார்த்துக் கொடுத்த மனுஷனுக்குத் தன்னைப் பற்றிப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்பு, அந்தக் கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஏழாவது வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டும் ஒரு பெண் அங்கே இருந்தாள். பட்டம் வருவதற்கு முன்பே வார்டன் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஐந்தாவது வருடம் வரை அதில் கிண்டல் இருந்தது. அதற்கப்புறம் பாவம் பார்த்துக் கூப்பிட்டார். புற்றுநோய் செல்லை இருக்கும் இடத்தை விட்டுக் கிளப்புவது எது என்பது அவளுடைய கேள்வி. வளர்ச்சிக் காரணி, இங்கிலீஷில் க்ரோத் ஃபேக்டர், என்று ஒரு புரதம் இருக்கிறது. அது செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பியில் வந்து ஒட்டியதும், வாசல் மணி அடித்த மாதிரி உள்ளே சேதி போகும். ஒன்று இன்னொன்றைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, கடைசியில் செல்லுக்குக் கால் முளைக்கும். சுற்றியிருக்கும் சதையை அரிக்கும் சாற்றைத் துப்பிக்கொண்டு அது நடக்க ஆரம்பிக்கும். அந்த மணிக் கம்பியை வெட்டிவிடும் ஒரு மருந்தை வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா ஏழு வருடத்தை ஓட்டியிருந்தாள்.

சோதனை இதுதான். பன்னிரண்டு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள சவ்வு, அதன்மேல் ஒரு பூச்சு ஜெல்லி. செல்களை ஒரு நாள் பட்டினி போட்டு, ஜெல்லிமேல் விடுவார்கள். கீழே குழியில் வளர்ச்சிக் காரணி இருக்கும். மறுநாள், ஜெல்லியை அரித்துச் சவ்வைத் தாண்டி அடிப்பக்கம் வந்து தொங்கும் செல்களுக்கு ஊதா நிறம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். எண்ணுவதில் வார்டனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டாக்டரம்மாவுக்குப் பத்துக் குழி போதும். பதினொன்றும் பன்னிரண்டும் எப்போதும் காலி.

ஒரு செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில், வார்டன் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, தன் இடது கையிலேயே ரத்தம் எடுத்தார். அரை மணி உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினார். மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நின்ற சீரத்தை எடுத்துப் பதினொன்றாம் குழியிலும் பன்னிரண்டாம் குழியிலும் விட்டார். மேலே கிண்ணத்தில் பட்டினிச் செல்கள்.

"வர்றியா, வரலையா, சொல்லு," என்றார் செல்லிடம்.

அவருடைய ரத்தத்தில் அந்த நோய் இருந்தால் அந்த நோயின் செல்கள் தேடி வரும். இல்லாவிட்டால் வராது. இதுதான் அவர் போட்ட கணக்கு.

மறுநாள் எண்ணினார். மீடியம் என்ற வெறும் திரவம் வைத்த குழியில் ஒன்பது செல். காசு கொடுத்து வாங்கிய வளர்ச்சிக் காரணி வைத்த குழியில் நூற்று நாற்பது. வார்டனின் குழியில் இருநூற்றுப் பன்னிரண்டு.

முதலில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து விமானத்தில் வரும் சரக்கை அவருடைய கை ரத்தம் தோற்கடித்திருக்கிறது. அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். தாய்வீட்டுக்கு வருவதுபோல அல்லவா வந்திருக்கின்றன! அடுத்த வாரமும் செய்து பார்த்தார், இருநூற்று நாலு. அதற்கடுத்த வாரம் இருநூற்றுப் பதினெட்டு. மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தால் அது உண்மை என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

முடிந்தது கதை, இனிமேல் ஊசி எதற்கு, மருத்துவர் எதற்கு என்று முடிவுகட்டினார். வீட்டில் மூச்சுவிடவில்லை. மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அந்த மாதம் நூற்றிருபது சட்டைக்குக் காலர் வைக்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்த மெஷினுக்கு அடுத்த வருடம் யார் எண்ணெய் போடுவார்கள் என்று யோசித்தார். கண் கலங்கியது. "தூசி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நாலாவது தட்டில்தான் மாட்டிக்கொண்டார். தன் குழிகளை எண்ணி முடித்ததும் கிண்ணங்களைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் தட்டை டாக்டரம்மாவிடம் கொடுப்பார். அன்றைக்கு ஊதா ஏற்றி முடித்த நேரத்தில் கழிப்பறை கூப்பிட்டது. பத்து நிமிடம். வழக்கம்போல ஓடுகளை எண்ணிவிட்டு வந்து பார்த்தால் தட்டைக் காணோம். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ," என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

மதியம் கூட்டம். ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் புரொபசர் வெள்ளைத் திரையில் பதினொன்றாம் குழியின் படத்தைப் போட்டார். திரை முழுக்க ஊதாப் புள்ளி. புரொபசர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். நல்ல விஷயம் நடந்தால் அவர் அப்படிச் செய்வார். முடி தேய்ந்தது அதனால்தான் என்று ஒரு பேச்சும் உண்டு.

"பிரமாதம். எந்த க்ரோத் ஃபேக்டர் இது?"

"தெரியலை சார். நான் எதுவும் வைக்கலை," என்றாள் டாக்டரம்மா.

"நீ வைக்கலைன்னா பேய் வந்து வச்சுதா? யோசிச்சுச் சொல்லு. அடுத்த மாசம் மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்."

கடைசி வரிசையில் ஐஸ் வாளியோடு நின்ற வார்டனுக்கு வியர்த்தது. இல்லாத ஒன்றை மாநாட்டில் பேசி இந்த மனுஷன் மானம் போனால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெண் எட்டாவது வருடமாக அந்தப் பேயைத் தேடிக்கொண்டிருப்பாளே என்று நினைத்தார்.

"என்னோடது சார்," என்றார்.

"எது உன்னோடது?"

"சீரம். என் கையிலேர்ந்து எடுத்தது."

பிறகு புரொபசர் ஆரம்பித்தார். மனித ரத்தம்! அனுமதி உண்டா? கமிட்டிக்குத் தெரியுமா? நாலு பேர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் தன் ரத்தத்தைத் தானே திருடிய ஒரு ஆளை அவருடைய முப்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை! எதற்காகச் செய்தாய் என்று மூன்று தரம் கேட்டார். வார்டனுக்குத் திரும்பவும் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது, போய்விட்டார்.

டாக்டரம்மா வெளியே காத்துக்கொண்டு நின்றாள். அவரைக் குளிர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே யாரும் அஞ்சு நிமிடத்துக்குமேல் நிற்க முடியாது. அதனால் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. பதினாலு, கடிதம், ஏழு வாரம், இருநூற்றுப் பன்னிரண்டு.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையை ஓங்கினாள்.

"கன்ட்ரோல் எங்கண்ணே?"

"என்ன?"

"உங்க சோதனைக்குக் கன்ட்ரோல் எங்கன்னு கேக்கறேன்!"

"அதான் பத்தாவது குழி இருக்கே. வெறும் மீடியம்."

"அது எனக்குக் கன்ட்ரோல். உங்களுக்கு? இந்த நோயே இல்லாத ஒருத்தரோட ரத்தத்தைப் பக்கத்துல வச்சீங்களா?"

வார்டனுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கன்ட்ரோல் குழி வைக்காத மாணவர்களைத் தட்டோடு திருப்பி அனுப்பிய ஆள் அவர். ஒரு பையன் அழுதேவிட்டான்.

"இருபத்திரண்டு வருஷமா அதுகளுக்கு என்னத்தைப் போட்டு வளக்கறீங்க?"

"சீரம்தான். கன்னுக்குட்டி சீரம்."

"சீரத்துல என்ன இருக்கு?"

"க்ரோத் ஃபேக்டர்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுங்க முன்னாடி விருந்தை வச்சுட்டு, ஏன் வந்தேன்னு கேட்டா என்னண்ணே அர்த்தம்? யார் ரத்தம் வச்சாலும் வரும். எனக்கு ப்ராஸ்டேட்டே கிடையாது. என் ரத்தத்துக்கும் வரும்."

"உறுதியா?"

"பாத்துடுவோம்."

அடுத்த தட்டில் மூன்று பேருடைய சீரம் வைத்தார்கள். ஒன்று வார்டனுடையது, ஒன்று டாக்டரம்மாவுடையது. மூன்றாவது யாருடையது என்றால், கமிட்டி கமிட்டி என்று கூட்டம் முழுக்கக் கத்திய புரொபசருடையது. இரண்டு பேரும் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதைக் கதவுச் சந்தில் பார்த்தவர் உள்ளே வந்து, "என்னை மட்டும் ஏன் கூப்பிடலை?" என்று சட்டைக் கையை மடித்தார். விஷயத்தை டாக்டரம்மா அவர் காதில் போட்டிருந்தாள் என்பது வார்டனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு சீரத்துக்கும் இரண்டு குழி. ஒன்றில் சும்மா, இன்னொன்றில் டாக்டரம்மாவின் மருந்தோடு.

மறுநாள் பதினோரு மணிக்கு எண்ணிக்கை. எந்தக் குழி யாருடையது என்பதை டாக்டரம்மா டேப் ஒட்டி மறைத்துவிட்டாள். "நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. எண்ணறவனுக்குத் தெரியக் கூடாது."

வார்டன் எண்ணினார். முதல் குழியை இரண்டு தரம் எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. இருநூற்றெட்டு. இருநூற்று நாற்பத்தொன்று. மருந்து போட்ட குழிகளில் அதில் பாதிதான். சீரத்தில் பல காரணிகள் உண்டு. மருந்து அதில் ஒரு வாசல் மணியைத்தான் நிறுத்தும்.

அந்த இருநூற்று நாற்பத்தொன்று தன்னுடையதோ என்று வார்டனுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. டாக்டரம்மா டேப்பை உரித்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறுதான் வார்டன். இருநூற்றெட்டு டாக்டரம்மா.

"அப்ப என்னுதுதான் அதிகமா?" என்றார் புரொபசர். தலையைத் தடவக்கூடப் போனார். பாதி வழியில் கை நின்றது. "அந்த பி.எஸ்.ஏ.ங்கறது... அதை எங்க பாக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சார், இப்பதானே சொன்னேன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை," என்றாள் டாக்டரம்மா.

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்," என்றவர் மதியம் அரை நாள் விடுப்பில் போனார்.

வார்டனுக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்.

"ரொம்பச் சிரிக்காதீங்கண்ணே. உங்களுக்கு இருக்குன்னு இந்தத் தட்டு சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. இதைச் சொல்ற இடத்துக்கு நீங்க இன்னும் போகவே இல்லை."

அவள் நேராகப் போய் எட்டாம் அளவு கையுறைப் பெட்டியைத் தூக்கி, கடிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அங்கேதான் இருக்கிறது என்று குளிர் அறையில் உளறியிருந்தார் போலிருக்கிறது.

போவதற்கு முன்பு வழக்கம்போல இன்குபேட்டரைத் திறந்து குடுவையைத் தூக்கிப் பார்த்தார். எலும்பிலிருந்து எடுத்தவை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எலும்புக்கு எப்படி வந்தன என்று அன்றைக்குத்தான் யோசித்தார். அடிவயிற்றிலிருந்து எலும்பு வரைக்கும் நடந்து வந்திருக்கின்றன. அதற்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும்? அந்த ஆளும் ஒரு கடிதத்தை மடித்து எங்கேயாவது வைத்திருந்தாரோ என்னவோ. அன்றைக்கு வார்டன் செல்களைத் திட்டவில்லை. குடுவையை வைத்துவிட்டுக் கதவை மூடினார்.

வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். மனைவி வாயில் ஆறேழு குண்டூசியைக் கவ்விக்கொண்டு காலருக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் கடிதத்தை மெஷின்மேல் வைத்தார். அவள் படித்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினாள். அவர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். குழி, ரத்தம், எண்ணிக்கை, புரொபசர் வரைக்கும்.

"எத்தனை வாரம்?"

"ஏழு."

"ஏழு வாரத்துல அந்தச் சனியனுங்களுக்கு அஞ்சு தடவை கையறுத்து ரத்தம் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை குடுக்க முடியலை."

அறுக்கவில்லை, ஊசிதான் என்று சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் அழுதாள். அழுதுகொண்டே எழுந்து, மெஷினுக்கு உறை போட்டு, செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பற?"

"நாம கிளம்பறோம். எந்திரிங்க."

பன்னிரண்டு ஊசி போட்டுப் பன்னிரண்டு துணுக்குச் சதை எடுத்தார்கள். வார்டன் படுத்த வாக்கிலேயே கழுத்தைத் திருப்பி, புட்டிகளில் பெயர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நர்ஸிடம் இரண்டு தரம் கேட்டு, மூன்றாம் தரம் திட்டு வாங்கினார். பன்னிரண்டில் நாலில் புற்று இருந்தது. இன்னும் சுரப்பியைத் தாண்டவில்லை, அறுவை செய்து எடுத்துவிடலாம், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் இப்படிச் சொல்ல முடிந்திருக்குமா தெரியாது என்றார் மருத்துவர். மனைவி வார்டனின் கையைப் பிடித்தவள், வீடு வந்து சேரும்வரை விடவில்லை. பேருந்தில் டிக்கெட் எடுக்கவும் இடது கையைத்தான் நீட்டினாள்.

அறுவைக்குக் குறித்த நாள் காலை, பச்சை அங்கியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், மனைவி அசந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"எல்லாரும் சாப்பிட்டாங்களா?"

"இல்லண்ணே. இன்னிக்குச் சோதனை இருக்கு. நேத்துலேர்ந்து பட்டினிதான்."

"எனக்கும் நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணிகூடக் குடுக்கலை," என்றார் வார்டன். "பதினொண்ணு, பன்னண்டு ரெண்டும் காலிதானே?"

"காலிதாண்ணே. நீங்க வர்ற வரைக்கும் காலியாத்தான் இருக்கும்."

"கன்ட்ரோல் வைக்க மறந்துடாத," என்று மட்டும் சொன்னார். அதற்குள் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். நர்ஸ் வந்து அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். வார்டன் அதைத் திருப்பி, தன் பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்," என்றார்.